செவ்வாய்க்கிழமை கரண்ட் போனால் புதன்கிழமை டவுன்லோடு நிற்கும்: திருநகர் வீட்டு நாஸ் பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து ஃபைல்களைத் தானே டவுன்லோடு செய்து சேமிக்கும் பெட்டியைப் பற்றியது இது. "டவுன்லோடு ஒழுங்கா இறங்க மாட்டேங்குது" என்ற ஒற்றைப் புகாருக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. அவற்றில் ஒன்று, முன்பு வந்தவர் இரண்டு முறை ரீசெட் செய்தும், நானே ஒரு முறை நேரில் பார்த்தும் பிடிபடவில்லை. அது எப்படித் தப்பியது என்பதற்காகத்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பெட்டி 2016-ல் வாங்கியது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறார். உள்ளே 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 முறையில். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். பின்னால் யுஎஸ்பியில் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று தொங்குகிறது. இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஃபைபர் மோடம், ரவுட்டர், நாஸ் மூன்றும் முன்னறை அலமாரியில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கின்றன. அந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. இன்வெர்ட்டரில் ஓடுவது ஃபேனும் லைட்டும் மட்டும்தான். முதல் நாளிலேயே இது என் கண்ணில் பட்டது. ஆனால் குறிப்பேட்டில் எழுதவில்லை.

டீச்சருக்கு அந்தப் பெட்டி வெறும் போட்டோ சேமிக்கும் இடமல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த மின்னூல்கள், இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்கள், பாண்டித்துரைத் தேவர் 1901-ல் இதே ஊரில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட காலத்து நூல்கள் என்று தேடித்தேடி இறக்குகிறார். பொருள்வாரியாக ஃபோல்டர் போட்டுப் பிரிக்கிறார். ஆய்வு மாணவர் யார் வந்து கேட்டாலும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் முதல் வேலை டவுன்லோடு பட்டியலைப் பார்ப்பதுதான். அந்தப் பெட்டி நின்றால் அவருக்கு ஒரு நாள் வேலை போகிறது. அதனால் இதைச் சில்லறைக் கோளாறாக நான் நினைக்கவில்லை.

ஜூன் 14, சனிக்கிழமை முதல் முறை போனேன். வழக்கமாகப் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன். லேன் கேபிள் கிகாபிட் வேகத்தில்தான் இணைந்திருந்தது. எலி கடித்த தடயம் எதுவும் இல்லை. லேப்டாப்பை ரவுட்டரில் செருகி அளந்தேன், 94 எம்பிபிஎஸ் வந்தது. டிஸ்க் இரண்டும் தங்கள் உடல்நிலையைத் தாமே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதான செக்டர்களை மாற்றிய கணக்கும் மாற்றக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கும் பூஜ்யம். வெப்பம் 47 டிகிரி. மதுரை வெயிலுக்கு அது பரவாயில்லை. அலமாரிக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். நாஸிலிருந்து நாலைந்து தளங்களில் டவுன்லோடு போட்டுப் பார்த்தேன். எல்லாம் இறங்கின. ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டு, பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, "இனிமே வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோளாறைக் கண்ணால் காணாமல் அது போய்விட்டது என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது?

ஜூன் 18, புதன்கிழமை காலை ஆறு மணிக்கு போன் வந்தது.

"தம்பி, மறுபடியும் அதே எர்ரர்தான். நான் ஒண்ணும் தொடல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?"

"வேணாம் டீச்சர். அப்படியே விட்டுருங்க. நான் வந்து பாக்குற வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்."

இந்த வழக்கில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

போனதும் டீச்சர் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. பள்ளிக்கூட வழக்கப்படி இடது பக்கம் மார்ஜின் கோடு, அதற்குள் தேதி. ஒவ்வொரு டவுன்லோடுக்கும் ஒரு வரி: என்ன ஃபைல், எந்தத் தளம், எவ்வளவு பெரிது, எத்தனை மணிக்கு முடிந்தது. முடிந்ததற்கு நீல மையில் டிக். நின்றுபோனதற்குச் சிவப்பு மையில் இன்டு. ஏப்ரல் முதல் அன்று காலை வரை 14 சிவப்பு. "போன தடவையே காட்டியிருப்பேன் தம்பி, நீங்க கேக்கல" என்றார். உண்மைதான், நான் கேட்கவில்லை.

பதினான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தலையும் வாலும் புரியவில்லை. சில நாள் சின்ன ஃபைல்கூட நிற்கிறது. சில நாள் 3 ஜிபி ஃபைல் அருமையாக இறங்குகிறது. எனவே அவற்றைப் பிரித்து எழுதினேன். நான்கு சிவப்புகள் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல்கள். ஐந்து சிவப்புகள் டோரன்ட், அதாவது ஒரே தளத்திலிருந்து வராமல், அதே ஃபைலை வைத்திருக்கும் மற்றவர்களின் கணினிகளிலிருந்து துண்டுதுண்டாக இறங்குபவை; அவை நாள்கணக்கில் நகராமல் கிடந்தன. மிச்சம் ஐந்து சாதாரண டவுன்லோடுகள், தொடங்கிய நொடியிலேயே பிழை காட்டியவை. அந்த ஐந்தின் தேதிகள்: ஏப்ரல் 16, மே 4, மே 21, ஜூன் 5, ஜூன் 18.

இந்தத் தேதிகளுக்கு என்ன உறவு என்று யோசித்துக்கொண்டே சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. ஜூன் 17-ஆம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் "மோட்டார்" என்று எழுதியிருந்தது. கேட்டேன். "அன்னைக்கு ஷட்டவுன் தம்பி, காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும். பேப்பர்ல மின்தடைப் பகுதின்னு போடுவாங்கள்ல, அதைப் பாத்து முதல் நாளே குறிச்சு வச்சிருவேன். ஒம்பதுக்கு முன்னால மோட்டாரைப் போட்டு டேங்கை நிரப்பணும்ல" என்றார். பழைய தாள்களைப் புரட்டினேன். ஏப்ரல் 15-ல் மோட்டார். மே 20-ல் மோட்டார். மே 3 மாலை கோடை மழைக்குக் கரண்ட் போனதும், ஜூன் 4 இரவு தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானதும் அவருக்கே நினைவிருந்தது. ஐந்து சிவப்பும் கரண்ட் போன மறுநாள் காலையில்தான் விழுந்திருக்கின்றன.

ஆனால் கரண்ட் எப்போதோ வந்துவிட்டதே. மறுநாள் காலை ஏன் நிற்க வேண்டும்?

இன்னொரு கணினியிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்எச் வழியாக நாஸுக்குள் நுழைந்து, காலையில் நின்ற அதே ஃபைலைக் கையால் இறக்கிப் பார்த்தேன். பெட்டியின் முகப்புப் பக்கம் "டவுன்லோடு தோல்வி" என்று மட்டும் சொன்னதைக் கட்டளை வரி விளக்கமாகச் சொன்னது: இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. காலாவதி என்று சொல்லவில்லை. இன்னும் தொடங்கவே இல்லை என்கிறது. உடனே தேதி கேட்டேன். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்றது.

எச்டிடிபிஎஸ் எனும் பாதுகாப்பான இணைப்பில் பேசும் தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் வழக்கமாக 90 நாள். இறக்கும் கருவி தன் கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய நாள் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும். தன் கடிகாரம் 2000 என்று சொல்லும்போது உலகத்துச் சான்றிதழ் எல்லாம் எதிர்காலத்தில் கிடக்கும். அதனால் கதவை மூடிவிடுகிறது. டோரன்டில் ஆட்களோடு பேசுவதற்குக் கடிகாரம் தேவையில்லை. அதனால்தான் அதே நாளில் சின்ன டோரன்ட் ஒன்று முடிந்து நீல டிக் வாங்கியிருந்தது. பார்ப்பவருக்கு நெட் நன்றாக இருப்பதாகவும், சில தளங்கள் மட்டும் மக்கர் செய்வதாகவும் தோன்றும்.

அந்தச் சின்ன டோரன்ட்தான் எனக்கு உறுதியான சாட்சி. நோட்டில் டீச்சர் எழுதியிருந்தார்: "ஜூன் 18, காலை 5.20-க்கு முடிந்தது." நாஸில் அந்த ஃபைலின் தேதியைப் பார்த்தால் 01-01-2000, மாலை 5.48. கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும்போது உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணியில் நிற்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 5.30. ஆக, பெட்டி விழித்த நேரத்திலிருந்து இந்த ஃபைல் முடியும் வரை 12 மணி 18 நிமிடம் ஓடியிருக்கிறது. காலை 5.20-லிருந்து அவ்வளவையும் பின்னோக்கிக் கழித்தால் முந்தைய நாள் மாலை 5.02. டீச்சரைக் கேட்டேன், "நேத்து கரண்ட் எப்ப வந்துச்சு?" "அஞ்சு மணி தாண்டி ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும்" என்றார். கணக்கு நூல் பிடித்த மாதிரி வந்து நின்றது.

இனி கேள்வி, கடிகாரம் ஏன் திருந்தவில்லை என்பது. கரண்ட் இல்லாதபோது நேரத்தைக் காப்பது போர்டில் இருக்கும் பட்டன் செல். அது செத்தாலும், இணையம் வழியாக நேரம் கேட்கும் என்டிபி வசதி எல்லா நாஸிலும் உண்டு. இதிலும் இருந்தது, ஆன் ஆகியும் இருந்தது. ஆனால் அதன் அமைப்பு: பெட்டி எழும்போது ஒரு முறை கேட்கும், கிடைக்காவிட்டால் அடுத்து 24 மணி நேரம் கழித்து.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆஃப் செய்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஆன் செய்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாஸ் 1 நிமிடம் 40 விநாடியில் எழுந்துவிட்டது. ஃபைபர் மோடம் லைனைப் பிடித்து, ரவுட்டர் லாகின் ஆகி, நெட் வர 3 நிமிடம் 50 விநாடி. நாஸ் நேரம் கேட்ட நொடியில் வாசலில் ஆளே இல்லை. இரண்டு நிமிடம் முந்தி எழுந்ததற்கு அது ஒரு நாள் முழுக்க 2000-ஆம் ஆண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ரீசெட் ஏன் "குணப்படுத்தியது" என்பதும் இதோடு விளங்கிவிட்டது. முன்பு வந்தவர் ரீசெட் செய்தபோது ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாஸ் எழுந்ததும் நேரம் கேட்டது, கிடைத்தது, டவுன்லோடு ஓடியது. ரீசெட் வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் வேலை செய்தது, ரீசெட்டோடு சேர்ந்து நடந்த வெறும் ரீஸ்டார்ட். ரீசெட்டில் பெட்டியின் பழைய லாக் (நிகழ்வுப் பதிவு) அழிந்ததுதான் மிச்சம். சனிக்கிழமை நான் செய்த ரீஸ்டார்ட்டும் அதே ரகம். அன்று கடிகாரம் சரியாக இருந்ததால் எனக்குக் குறையே தெரியவில்லை.

பெட்டியின் மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் திருகு நான்கையும் கழற்றி போர்டை வெளியே இழுத்தேன். ஃபேனுக்கு அடியில், தூசி போர்த்திக்கொண்டு 2032 செல். மல்டிமீட்டரில் 1.2 வோல்ட் காட்டியது. புதிது 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் வாட்ச் கடையில் இரண்டு வாங்கி வந்தேன், ஒன்று போட, ஒன்று டீச்சர் வீட்டு மேஜை டிராயரில் வைக்க. பெட்டிக்கு அடியில் மாற்றிய தேதியைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினேன். என்டிபியை மணிக்கொரு முறை கேட்கும்படி மாற்றி, இந்திய நேரத்தைப் பராமரிக்கும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரை முதலாவதாகப் போட்டேன். பிறகு மறுபடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தேதி 2000-க்குப் போகாமல் சரியாகவே இருந்தது.

நான்கு ஜிபி விஷயம் இதைவிடச் சுலபம். அந்த நான்கு ஃபைலும் 4 ஜிபியைத் தொட்டதும் நின்று, முதலிலிருந்து தொடங்கியிருக்கின்றன. டவுன்லோடுகள் போய் இறங்கும் இடம் பின்னால் தொங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க். உள்ளே இருக்கும் டிஸ்க் தேயாமல் இருக்கட்டும் என்று யாரோ அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய டிவியில் படம் பார்க்க வசதியாக அதை எப்போதோ, டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32-ல் ஃபார்மட் செய்திருக்கிறார்கள். 1996-ல் வந்த அந்த முறையில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட்தான் இடம். 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு பைட்கூட ஏற்காது. டிஸ்கில் 600 ஜிபி காலியாக இருந்தாலும் இதே கதைதான். உள்ளே இருந்ததை நாஸுக்கு நகலெடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்கை, இந்த 4 ஜிபி எல்லை இல்லாத இஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றினேன். டவுன்லோடு இனி நேராக உள் டிஸ்கிலேயே இறங்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் வாராந்திர பேக்கப்புக்கு. ரெய்டு 1 இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்கிலும் உடனே அழித்துக் கொடுக்கும்.

டோரன்ட்தான் நேரம் தின்றது. ரவுட்டரில் முன்பே யாரோ போர்ட் ஃபார்வர்டிங் போட்டு (வெளியிலிருந்து நாஸுக்கு வர ஒரு வாசலைத் திறந்து), அதுவும் போதாமல் எல்லா வாசலையும் திறந்துவிடும் டிஎம்இசட்டிலும் நாஸை வைத்திருந்தார்கள். இருந்தும் நொடிக்கு 30 கேபிக்கு மேல் ஏறவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. அங்கேயே பாதி விடை.

100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் புழங்க 2012-ல் ஒதுக்கப்பட்டவை. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கையிருப்புக்கு வந்துவிட்டன. அதனால் பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஒரே கதவு எண்ணில் நாற்பது குடித்தனம் இருக்கும் காம்பவுண்டு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் உங்களிடம் சேரும். முன்பின் தெரியாத ஒருவர் தானாக எழுதினால், எந்தக் குடித்தனத்துக்கு என்று தெரியாமல் தபால் வாசலிலேயே நிற்கும். டோரன்டில் ஒருவர் கதவையாவது மற்றவர் தட்ட முடிய வேண்டும். ஆள் குறைவாக உள்ள பழைய தமிழ் நூல் டோரன்ட்களில் அந்தப் பக்கமும் காம்பவுண்டு, இந்தப் பக்கமும் காம்பவுண்டு என்றால் பரிமாற்றம் நடப்பது அரிது. நம் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் காம்பவுண்டு கேட் நம் கையில் இல்லை.

வழி இரண்டு. மாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது, அல்லது தட்டுப்பாடில்லாத புதிய வகை முகவரியான ஐபிவி6. டீச்சரின் இணைப்பில் ஐபிவி6 ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ரவுட்டரில் அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆன் செய்ததும் நாஸுக்குத் தனக்கென்று ஒரு முகவரி கிடைத்தது. ஃபயர்வாலில் டோரன்ட் போர்ட் ஒன்றை மட்டும் திறந்தேன். அரை மணியில் ஒரு டோரன்ட் நொடிக்கு 3 எம்பியைத் தொட்டது.

டிஎம்இசட்டை அன்றே நீக்கினேன். இதில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. வேகம் வேண்டும் என்று நாஸை முழுதாக இணையத்துக்குத் திறந்து வைப்பது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நிரல்கள் இப்படி வெளியே தெரிந்த நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்துத்தான் பூட்டின. இங்கே சிஜிநாட் இருந்ததால் தப்பியது. யாராவது வேகத்துக்காகப் பொது முகவரி வாங்கிக் கொடுத்திருந்தால், டிஎம்இசட் அன்றைக்கே உயிர் பெற்றிருக்கும். பதினைந்து வருடச் சேகரிப்பு, மகன் கல்யாணப் போட்டோ எல்லாம் அதற்குள்தான். நாஸின் நிர்வாகப் பக்கம் ஐபிவி6 வழியாகவும் வெளியே தெரியவில்லை என்பதை என் போனின் மொபைல் டேட்டாவில் முயன்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஐபிவி6 ஆன் செய்பவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

ஜூலை 15 மறுபடி ஷட்டவுன். முதல் நாளே டீச்சர் காலண்டரைப் பார்த்து எனக்குச் சொல்லிவிட்டார். 16-ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு நோட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது: ஆறு வரி, ஆறும் நீலம், அதில் ஒன்று 4.6 ஜிபி. கீழே ஏழாவதாக ஒரு டோரன்ட் மட்டும் டிக்கும் இல்லாமல் இன்டுவும் இல்லாமல், "93 சதவீதம்" என்று எழுதி நின்றது.

லேப்டாப்பில் இருந்து பார்த்தேன். கடிகாரம் சரி, டிஸ்க் சரி, போர்ட் திறந்திருக்கிறது, மூன்று பேரோடு இணைந்தும் இருக்கிறது. அந்த மூன்று பேரிடமும் இருப்பது அதே 93 சதவீதம்தான். மிச்சத் துண்டுகள் உள்ள கணினி எதுவும் இப்போது இணையத்தில் இல்லை. போன் செய்து சொன்னேன், இது நம்ம வீட்டுக் கோளாறு இல்லை, நாம செய்ய ஒன்றும் இல்லை என்று.

"அப்ப அழிச்சிர வேணாம்ல?"

"வேணாம் டீச்சர். அந்த மிச்சத்தை வச்சிருக்கவர் என்னைக்காவது ஆன் பண்ணா தானா இறங்கிரும்."

"சரி தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். அதற்குப் பென்சிலில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.